குச்சி நட்ட தனிம வரிசை அட்டவணை: 2,850 ரூபாய்க்குத் தகுமா?

இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு எம்டிஎஃப் பலகை. மேலே தனிம வரிசை அட்டவணை அச்சிட்ட ஸ்டிக்கர். கட்டத்துக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு மரக்குச்சி, பென்சில் கனம். குச்சியின் உயரம்தான் அந்தத் தனிமத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பில் பங்கு போட்ட எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் போக்கு. ஒரு அலகுக்கு இரண்டரை செ.மீ. என்பது கணக்கு. அதனால் ஃபுளூரின் குச்சி ஏறக்குறைய 10 செ.மீ. நிற்கிறது, சீசியம் 2 செ.மீ.யோடு தரையோடு தரையாக இருக்கிறது. மதுரையில் ஆய்வகச் சாமான் விற்கும் ஒரு கடையில் 2,850 ரூபாய்க்கு வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்று போகப் போகப் புரியும்.

நான் ராஜபாளையத்தில் வீட்டு மாடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். சுவரில் ஏற்கெனவே 120 ரூபாய் லேமினேட் சார்ட் ஒன்று தொங்குகிறது. எண்கள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. "அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?" என்று வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் என்னவென்றால், சார்ட்டில் இருக்கும் எண்ணைப் பிள்ளைகள் படிக்கிறார்கள், பார்ப்பதில்லை. ஃபுளூரின் 4, ஆக்சிஜன் 3.5, நைட்ரஜன் 3 என்று ஒப்பிப்பார்கள். 'இடமிருந்து வலம் கூடும், மேலிருந்து கீழ் குறையும்' என்று இரண்டு வரியும் மனப்பாடம். எவ்வளவு கூடும், எங்கே கூடாமல் நிற்கும், எங்கே தலைகீழாகும் என்று கேட்டால் முழிப்பார்கள். உயரமாக வைத்தால் அது கண்ணில் படுமா என்று பார்க்கத்தான் வாங்கினேன்.

படுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நிறையத் திட்டப்போகிறேன்.

இரண்டாம் வரிசையில் லித்தியத்திலிருந்து ஃபுளூரின் வரை ஆள்காட்டி விரலைக் குச்சிகளின் தலைமேல் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். 0.98, 1.57, 2.04, 2.55, 3.04, 3.44, 3.98. ஏறத்தாழ அரை அரையாக ஏறுகிறது. பலகையில் படிக்கு ஒன்றேகால் செ.மீ. விரலுக்குப் படிக்கட்டு தெரிந்துவிடும். அதே கையோடு மூன்றாம் வரிசையில் சோடியத்திலிருந்து ஓட்டச் சொன்னால், படி சின்னதாகிறது: 0.93, 1.31, 1.61, 1.90, 2.19, 2.58. இங்கே பெரும்பாலும் முக்கால் செ.மீ. படிதான். "ஏன் மிஸ் இது மெதுவா ஏறுது?" என்ற கேள்வி தானாக வருகிறது. சார்ட் தொங்கிய இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையும் கேட்காத கேள்வி.

அப்போதுதான் காரணத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது. ஒரு வரிசையில் வலப்பக்கம் போகப் போக அணுக்கருவில் புரோட்டான் ஒவ்வொன்றாகச் சேர்கிறது. எலக்ட்ரானும் சேர்கிறது, ஆனால் அதே கூட்டில் சேர்கிறது. ஒரே கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அணுக்கருவிடமிருந்து சரியாக மறைப்பதில்லை. ஆகவே செயலுறு அணுக்கரு மின்சுமை, அதாவது மறைப்பு போக வெளி எலக்ட்ரான் உணரும் கருவின் மின்சுமை, ஏறிக்கொண்டே போகிறது, அணுவும் சுருங்குகிறது. மூன்றாம் வரிசையில் எல்லாமே கருவிலிருந்து ஒரு கூடு தள்ளி நடக்கிறது, அதனால் பிடி அவ்வளவு இறுகுவதில்லை. இதைக் கரும்பலகையில் எழுதினால் அரைப் பக்கம். விரல் குச்சிமேல் இருக்கும்போது சொன்னால் நாலு வாக்கியம்.

இதைவிட எனக்குப் பிடித்த இடம் 13ஆம் தொகுதி. மேலிருந்து கீழே விரலை இறக்கினால் போரான் 2.04, அலுமினியம் 1.61, அடுத்து காலியம். குறைந்துகொண்டே போக வேண்டும் என்று நினைத்து விரலை இறக்கிய ஒரு பிள்ளை காலியத்தில் முட்டி நின்றாள். "மிஸ், இங்க ஏறுது. குச்சிய மாத்தி வச்சுட்டாங்களா?" மாற்றி வைக்கவில்லை. காலியம் 1.81தான். அலுமினியத்துக்கும் காலியத்துக்கும் நடுவில் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள் வந்துபோகின்றன. கருவில் 13 ஆக இருந்த புரோட்டான் 31 ஆகிவிட்டது. இடையில் உள்கூட்டில் நிரம்பிய பத்து எலக்ட்ரான்கள் (டி-எலக்ட்ரான்கள் என்போம்) மறைப்பதில் கெட்டிக்காரர்கள் இல்லை. அதனால் காலியத்தின் வெளி எலக்ட்ரான்களைக் கரு எதிர்பார்த்ததைவிட இறுக்கிப் பிடிக்கிறது. பக்கத்துத் தொகுதியிலும் இதே கதை: சிலிக்கன் 1.90, ஜெர்மானியம் 2.01. 'மேலிருந்து கீழ் குறையும்' என்று ஒப்பித்த வாய் அன்றைக்குக் கொஞ்சம் நின்றது.

தங்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பலகையின் நடுவில், உலோகக் கூட்டத்துக்குள், 2.54 உயரத்தில் தனியாக நிற்கிறது. கார்பனுக்கும் தங்கத்துக்கும் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நகைக்கடைத் தங்கம் எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும் என்றால் நம்ப மாட்டார்கள். சீசியத்தோடு சேர்ந்தால் தங்கம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு எதிர் அயனி ஆகிவிடுகிறது, சீசியம் ஆரைடு என்று உப்பு மாதிரியான சேர்மமே இருக்கிறது என்று சொன்னபோது பின் வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்தார்கள்.

இனி திட்டு.

பலகையோடு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று கொடுக்கிறார்கள். தமிழில் இருக்கிறது, அந்த மட்டில் சந்தோஷம். உள்ளே இரண்டு அணு பொம்மைகள் கயிறு இழுக்கும் படம். அதற்குமேல் விளக்கம் கிடையாது. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வரி இல்லை. தராசில் வைத்து எடுத்தார்களா, மீட்டரில் அளந்தார்களா? பிள்ளைகள் நினைப்பது அதுதான். ஃபுளூரின் அணுவைத் தனியாகப் பிடித்துவைத்து அளந்தால் 3.98 வரும் என்று நம்புகிறார்கள். தனி அணுவுக்கு இந்த எண்ணால் பிரயோஜனமே இல்லை. பிணைப்பில் இருக்கும்போது பங்கு போட்ட எலக்ட்ரான் இரட்டையைத் தன் பக்கம் இழுக்கும் போக்கு இது. இன்னொரு அணு இல்லாமல் பேச்சே எழாது.

எட்டுப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தால் இந்த எண்களைக் கணக்கிட்ட வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932இல் செய்ததை ஒரு உதாரணத்தோடு போட்டிருக்கலாம். நான் வகுப்பில் ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கொள்வேன். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். குளோரின் மூலக்கூறுக்கு 242. இரண்டும் சரிசமமாகப் பங்கு போட்டால் ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்புக்கு இவற்றின் சராசரி, அதாவது 339, போதும். ஆனால் அளந்தால் 431 வருகிறது. 92 கிலோஜூல் கூடுதல். இந்தக் கூடுதல் எங்கிருந்து? பங்கு சமமில்லை. குளோரின் பக்கம் கொஞ்சம் எதிர்ச்சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்ச்சுமை, அவை ஒன்றையொன்று ஈர்க்கும் பலம் அது. 92க்கு வர்க்கமூலம் 9.59. அதை 0.102ஆல் பெருக்கினால் 0.98. இப்போது பலகைக்குப் போய் அட்டவணைப்படி கழித்துப் பாருங்கள்: குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20, வித்தியாசம் 0.96. கணக்கு கையில் வந்து உட்காருகிறது. அந்த 0.102 ஏதோ மாயம் என்று பயப்பட வேண்டாம். பாலிங் எலக்ட்ரான்வோல்ட் என்ற ஆற்றல் அலகில் கணக்குப் போட்டார், ஒரு எலக்ட்ரான்வோல்ட் மோலுக்கு 96.5 கிலோஜூல், அதன் வர்க்கமூலத்தின் தலைகீழ்தான் இது.

இதிலிருந்து பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டியது, கிடைப்பது எப்போதும் வித்தியாசம் மட்டுமே என்பது. எங்காவது ஒரு இடத்தில் ஆணி அடித்தாக வேண்டும். பாலிங் ஹைட்ரஜனுக்கு 2.1 என்று வைத்தார். பிறகு 1961இல் ஆல்ரெட் புதிய பிணைப்பு ஆற்றல் அளவுகளை வைத்துத் திருத்தியபோது 2.20 ஆனது, ஃபுளூரின் 4.0 ஆக இருந்தது 3.98 ஆனது. பாடப்புத்தகத்தில் ஒன்று, சார்ட்டில் ஒன்று என்று பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இவ்வளவுதான் விஷயம். பரீட்சையில் எந்த எண் கொடுத்திருக்கிறார்களோ அதை வைத்துப் போடுங்கள், வித்தியாசம் பெரிதாக மாறாது.

பலகையின் பெரிய குறை இனிமேல்தான். ஆலசன் பத்தியில் ஃபுளூரினிலிருந்து குளோரினுக்கு இறங்கும்போது விரல் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருந்தது. இவ்வளவு இறங்கக் கூடாதே என்று ஸ்கேலை எடுத்து வைத்தேன். குளோரின் குச்சி 7.1 செ.மீ. 3.16க்கு 7.9 இருக்க வேண்டும். பக்கத்தில் நைட்ரஜன் சரியாக 7.6 நிற்கிறது, ஆக இந்தப் பலகையில் குளோரினைவிட நைட்ரஜன் உயரம். புரோமினும் குட்டை. அயோடின் 5.5 செ.மீ., அதாவது 2.2. ஹைட்ரஜனும் 5.5 செ.மீ. ஒரு பையன் இரண்டையும் பிடுங்கி மேசைமேல் நிறுத்தி வைத்து, "மிஸ், ரெண்டும் ஒரே உயரம். அப்ப ஹைட்ரஜன் அயோடைடு முனைவு இல்லாததுதானே?" என்றான். பலகையைப் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் ஹைட்ரஜன் அயோடைடுக்கு இருமுனைத் திருப்புத்திறன், அதாவது நேர், எதிர்ச்சுமை இரு முனையாக ஒதுங்கியிருப்பதன் அளவு, சுமார் 0.45 டிபை (அதன் அலகு) இருக்கிறது. ஹைட்ரஜன் ஃபுளூரைடின் 1.83 டிபைக்கு முன்னால் சின்னதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால், ஃபுளூரின் நீங்கலாக அந்தப் பத்தி முழுக்க வேறு அளவுகோலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆல்ரெட்டும் ரோச்சோவும் 1958இல் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். அணுவின் சகப்பிணைப்பு ஆரத்தின் (எலக்ட்ரானைப் பங்கு போடும் பிணைப்பில் அணுவின் ஆரம்) விளிம்பில் நிற்கும் எலக்ட்ரானைக் கரு எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று பார்ப்பது, அதாவது செயலுறு மின்சுமையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. அதில் குளோரின் 2.83, புரோமின் 2.74, அயோடின் 2.21. அந்த அளவுகோலும் மரியாதைக்குரியதுதான், அதற்கென்று பயன் இருக்கிறது. முல்லிக்கன் 1934இல் இன்னொன்று கொடுத்தார், அயனியாக்கும் ஆற்றலுக்கும் (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டியது) எலக்ட்ரான் நாட்டத்துக்கும் (அணுவுக்கு எலக்ட்ரான் வந்து சேரும்போது வெளியாவது) சராசரி எடுப்பது. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வித்தியாசம் மட்டுமே பேசுகிற ஒரு எண்ணில், ஒரு பத்தியை ஒருவரிடமும் மீதியை இன்னொருவரிடமும் கடன் வாங்கினால் கழித்தல் கணக்குக்கு அர்த்தமே போய்விடுகிறது.

கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"டீச்சர், நெட்ல இருந்து லிஸ்ட் எடுத்துக் குடுத்தாங்க. நாங்க அளவு பாத்து வெட்டுனதுதான்."

"ஒரே லிஸ்ட்டா, தம்பி? ரெண்டு லிஸ்ட் கலந்த மாதிரி இருக்கே."

"அது எனக்குத் தெரியாதுங்க டீச்சர். நீங்க சரியான அளவ எழுதி வாட்ஸப்ல போடுங்க, புதுக் குச்சி வெட்டி பார்சல்ல அனுப்பிடறேன்."

அனுப்பினார். காசு கேட்கவில்லை. பச்சை நிறம் மட்டும் பழையதோடு சேரவில்லை, கொஞ்சம் கிளிப்பச்சையாகப் போய்விட்டது. பரவாயில்லை. ஆனால் எனக்கு முன்னால் வாங்கிய பள்ளிக்கூடங்களில் அந்தக் குட்டைக் குளோரின் இன்னும் நின்றுகொண்டுதானே இருக்கும்? அதைக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

பலகையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கிறார்கள்: '1.7க்கு மேல் அயனிப் பிணைப்பு, 1.7க்குக் கீழ் சகப்பிணைப்பு.' 1.7 என்பது பிணையும் இரண்டு தனிமங்களின் கவர்தன்மை வித்தியாசம்; அயனிப் பிணைப்பு என்றால் எலக்ட்ரானைப் பங்கு போடாமல் ஒன்று கொடுத்து மற்றது வாங்கிக்கொள்வது. இந்தப் பட்டையை நான் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டேன். இந்த விதியைப் பாடப்புத்தகங்களும் கைடுகளும் எழுதுகின்றன, ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் வருகிறது, அதனால் தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆனால் அது பாலிங் கொடுத்த ஒரு தோராயச் சூத்திரத்தில், அயனித்தன்மை ஏறக்குறைய பாதியாக இருக்கும் இடம், அவ்வளவே. அதே சூத்திரத்தில் 1.6 போட்டால் 47 சதவீதம் வரும், 1.8 போட்டால் 56 சதவீதம். 47க்கும் 56க்கும் நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் ஒரு ஜாதி, அந்தப் பக்கம் ஒரு ஜாதி என்றால் எப்படி?

பலகையை வைத்தே இந்த விதியை உடைக்கலாம், அதுதான் வேடிக்கை. போரானையும் ஃபுளூரினையும் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஐந்து செ.மீ. வித்தியாசம், அதாவது 1.94. விதிப்படி போரான் ட்ரைஃபுளூரைடு உப்பாக இருக்க வேண்டும். அது பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரியில் கொதிக்கும் வாயு. சிலிக்கன் டெட்ராஃபுளூரைடு 2.08, அதுவும் வாயு. ஹைட்ரஜன் ஃபுளூரைடு 1.78, 20 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொதிக்கிறது. எதிர்ப்பக்கம் பார்த்தால் சோடியம் ஹைட்ரைடுக்கு வித்தியாசம் 1.27தான், ஆனால் அது சோடியம் அயனியும் ஹைட்ரைடு அயனியும் அடுக்கிய படிகம். லித்தியம் அயோடைடு 1.68, சாதாரண உப்பின் அதே படிக அமைப்பு. இந்த ஐந்தையும் எழுதிவிட்டு, "இப்ப சொல்லுங்க, அந்தப் பட்டை சரியா?" என்று கேட்டால் வகுப்பு நன்றாகப் போகிறது. ஒரு விதத்தில் பட்டை ஒட்டியவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எந்தப் பலகையாலும் காட்ட முடியாதவையும் இருக்கின்றன, அதற்காக இதைத் தயாரித்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஈயத்துக்கு ஒரே குச்சி, 2.33. அது நான்கு இணைதிறனில் இருக்கும் ஈயத்துக்கான எண். இரண்டில் இருக்கும் ஈயத்துக்கு 1.87. எத்தனை குச்சி நடுவது? கார்பனும் அப்படித்தான். அசிட்டிலினில் எஸ்பி இனக்கலப்பில் (ஆர்பிட்டால்கள் கலக்கும் ஒரு விதம்) இருக்கும் கார்பன், ஈத்தேனில் எஸ்பி3 இனக்கலப்பில் இருக்கும் கார்பனைவிட எலக்ட்ரானை அதிகம் கவரும், அதனால்தான் அசிட்டிலினின் ஹைட்ரஜனை சோடமைடு என்ற வலிய காரம் பிடுங்கிவிடுகிறது, ஈத்தேனிடம் அது நடக்காது. பிளஸ் டூ வந்ததும் இதைச் சொல்லி, '2.55 என்பது கார்பனின் பிறவிக்குணம் கிடையாது' என்று திருத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, குச்சி உயரத்தைப் பார்த்து மூலக்கூறின் முனைவுத்தன்மையைச் சொல்லிவிட முடியாது. அம்மோனியாவில் நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் 0.84. நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடில் 0.94. அப்படியென்றால் இரண்டாவதுதான் அதிக முனைவுள்ளது என்று எல்லாரும் கை தூக்குவார்கள். அளந்தால் அம்மோனியா 1.47 டிபை, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு கால் டிபைகூட இல்லை. அம்மோனியாவில் மூன்று பிணைப்பின் இழுப்பும் நைட்ரஜனின் தனி இரட்டையும் (பங்கு போடாத எலக்ட்ரான் இரட்டை) ஒரே பக்கம் சேர்கின்றன. ட்ரைஃபுளூரைடில் ஃபுளூரின்கள் எதிர்ப்பக்கம் இழுத்துத் தனி இரட்டையை அழித்துவிடுகின்றன. இதற்குப் பந்தும் குச்சியும் சேர்ந்த மூலக்கூறு மாதிரிப் பெட்டி வேண்டும், இந்தப் பலகை உதவாது.

நீட் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் எலக்ட்ரான் நாட்டத்தையும் இதையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நாட்டத்தில் குளோரின்தான் முதல், மோலுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரின் 328. கவர்தன்மையில் ஃபுளூரின் முதல். ஒன்று தனித்திருக்கும் அணுவுக்கு எலக்ட்ரான் வந்து சேரும்போது வெளியாகும் ஆற்றல், அளந்து அலகோடு எழுதலாம். மற்றது பிணைப்புக்குள் நடக்கும் பங்குச் சண்டை, அலகு எழுதுவதில்லை. கையேட்டில் இதற்கு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாம்.

வேலைப்பாடு சுமார். துளைகள் லேசாகத் தளர்ந்திருக்கின்றன, பலகையை நிமிர்த்தினால் பாதிக் குச்சிகள் கொட்டும், மேசைமேல் படுக்கவைத்தே காட்ட வேண்டும். சுவரில் மாட்டலாம் என்று பின்னால் கொக்கி வைத்திருப்பது எதற்கு என்று புரியவில்லை. ஓரங்கள் சுத்தமாகத் தேய்த்திருக்கிறார்கள், கையில் சிராய் ஏறாது. லாந்தனைடு வரிசை 1.1க்கும் 1.3க்கும் நடுவில் ஒரே மட்டமாக நிற்பதைப் பார்த்து 'இது மட்டும் ஏன் டீச்சர் இப்படி?' என்று கேட்காத ஆள் இல்லை.

மந்த வாயுக்களின் பத்தி முழுக்க அடைப்பு வைத்து மூடியிருக்கிறது. ஹீலியம், நியான், ஆர்கானுக்கு அது சரி, பாலிங் முறைக்குப் பிணைப்பு ஆற்றல் வேண்டும், பிணைப்பே இல்லாதபோது எங்கே போவது? ஆனால் நீல் பார்ட்லெட் 1962இல் செனானைச் சேர்மமாக்கிவிட்டார். பிறகு செனான் ஃபுளூரைடுகள், கிரிப்டான் ஃபுளூரைடு என்று வந்தாயிற்று. பாலிங் அட்டவணையில் கிரிப்டானுக்கு 3.00, செனானுக்கு 2.60 என்று எண்ணே இருக்கிறது. செனான் ஃபுளூரைடுகள் பாடத்திலும் வருகின்றன. அந்த இரண்டு துளையையாவது திறந்து விட்டிருக்கலாம்.

காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு இலவசமாக ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள். இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. அதில் மூலக்கூறு முனைவுத்தன்மைக்கென்று ஒன்று உண்டு: இரண்டு அணுக்கள், ஒவ்வொன்றுக்கும் கவர்தன்மையைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தி. நகர்த்த நகர்த்த எலக்ட்ரான் மேகம் ஒரு பக்கம் ஒதுங்குவது தெரியும். மூன்று அணு வைத்து வளைத்து, தனித்தனி இழுப்புகள் சேர்வதையும் ஒன்றையொன்று அழிப்பதையும் பார்க்கலாம். என் பலகையால் முடியாத வேலை அது. போனில் ஓடும். ஆனால் போனைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அடுத்த நிமிஷம் எங்கே இருப்பார்கள் என்று டியூஷன் எடுக்கிறவர்களுக்குத் தெரியும். அதில் காலியம் முட்டாது, தங்கம் தனியாக நிற்காது. முழு அட்டவணையை ஒரே பார்வையில், கையால் தொட்டு உணர பலகைதான்.

வீட்டில் ஒரு பிள்ளைக்காக வாங்க நினைப்பவர்களுக்கு 2,850 ரூபாய் அதிகம். 120 ரூபாய் சார்ட்டும் ஃபெட்டும் போதும். பள்ளிக்கூட ஆய்வகத்துக்கும் பத்துப் பதினைந்து பேர் வரும் டியூஷனுக்கும் வாங்கலாம், வருஷக்கணக்கில் உழைக்கும். வாங்குமுன் ஸ்கேல் எடுத்துப் போய் கடையிலேயே அளந்துவிடுங்கள்: குளோரின் 7.9, புரோமின் 7.4, அயோடின் 6.65 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கிரிப்டானுக்கு 7.5, செனானுக்கு 6.5 செ.மீ.யில் இரண்டு குச்சி தனியாகக் கேட்டால் ஒன்று 15 ரூபாய்க்கு வெட்டித் தருகிறார்கள். துளையின் அடைப்பை நீங்கள்தான் கத்தி முனையால் நெம்பி எடுக்க வேண்டும், பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.